காளியப்பன் நின்ற இடங்கள்

வாங்க சார், வாங்க. செருப்பை உள்ளேயே விடுங்க, வெளியே விட்டா கீழ்வீட்டு நாய் கவ்விட்டுப் போயிடும். வேடசந்தூர்லேர்ந்தா வர்றீங்க? இந்த வெயில்லயா? ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க.

இதுதான் சார் பெட்டி. போட்டோவுல பார்த்தது இதேதான், ஒரு கீறல் கிடையாது. பையனுக்கா? பத்தாவதுல நல்ல மார்க் எடுத்தா வீடியோ கேம் வாங்கித் தரேன்னு சொல்லிட்டீங்களா? எடுத்துட்டானா? அப்ப வேற வழியில்ல, வாங்கித்தான் ஆகணும்.

ஆன் பண்ணிக் காட்டுறேன். ஒரே ஒரு வேலை மட்டும் பாக்கி. உள்ள ஒரு கணக்கு இருக்கு, அதை எடுத்துட்டுத்தான் உங்க கையில தரணும். ஒரு பட்டனை அழுத்துற வேலை. அதுக்குள்ள ஒரு வாய் காப்பி குடிக்கலாம். பஸ்ஸுக்கு என்ன சார் அவசரம், வேடசந்தூருக்குப் பஸ்ஸா இல்ல?

உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் பழனிக்காரர், இன்னொருத்தர் இங்க பேகம்பூர். ரெண்டு பேருக்கும் பொறுமையே இல்ல சார். பெட்டியைப் பத்தி நான் சொல்லிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்டாங்க. வாங்குற எண்ணம் இருக்கிற மனுஷன் அப்படிப் போவானா? நீங்க உக்காந்த விதத்துலயே தெரியுது, வாங்க வந்தவர்னு.

ஏன் விக்கிறேன்னு கேக்கலையே நீங்க. கேக்கணும் சார். மாடு வாங்குனாலும் ஏன் விக்கிறேன்னு கேட்டுட்டுத்தானே வாங்குவோம்.

நான் கட்சி மாறப் போறேன். அதான்.

சிரிக்காதீங்க. இந்த வீடியோ கேம்லயும் நம்ம ஊரு மாதிரி ரெண்டு கட்சி சார். கம்பெனி பேரெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. ஒரு கட்சிப் பெட்டியில இன்னொரு கட்சி விளையாட்டு ஓடாது. ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக்காரன் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டான், அந்த அளவுக்கு இருக்கும். நான் ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் பண்றவன். காலையில ஒரு கட்சித் தலைவருக்குப் பிறந்தநாள் போர்டு அடிப்பேன், மத்தியானம் அவரைத் திட்டி எதிர்க்கட்சிக்கு அடிப்பேன். எனக்கு அதெல்லாம் சோறு. ஆனா இந்தப் பெட்டி விஷயத்துல மட்டும் நான் கொள்கைக்காரன். மாறியிருக்கேன், இல்லேங்கல. ஆனா கொள்கைக்காகத்தான் மாறியிருக்கேனே தவிர, யார் பின்னாடியும் போனது கிடையாது.

சின்ன வயசுல கட்சியே கிடையாது சார். மஞ்சக் கேசட் போடுற டிவி கேம் ஒண்ணு வரும், உங்க வயசுக்கு நீங்களும் பார்த்திருப்பீங்க. எங்க தெருவுல சகாயம் வீட்டுல இருந்துச்சு. அருள்சகாயம்னு முழுப்பேரு. அவங்க அப்பா பங்குக் கோயில்ல மணி அடிக்கிறவர். எனக்குத் தண்டாயுதபாணின்னு பேரு, ஊர்ல எல்லாரும் தண்டம் தண்டம்னு கூப்பிடுவானுங்க. சகாயம் ஒருத்தன்தான் பாணின்னு கூப்பிட்டான். அவங்க வீட்டு ஹால்ல மாதா படத்துக்குக் கீழ டிவி. நாங்க விளையாடிட்டு இருக்கும்போது அவங்க அம்மா ஜெபமாலைக்கு வந்து நிப்பாங்க. "அந்தச் சனியனை அமத்துங்கடா, மாதா பார்த்துட்டிருக்கா"ம்பாங்க. சகாயம், "மாதாவும் கேம்தான்மா பார்த்துட்டிருந்தாங்க, நீதான் இப்ப மறைக்கிறே"ம்பான். துடைப்பம் பறந்து வரும்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை வந்துச்சு. மணிக் கணக்குக்கு உக்காந்து விளையாடுற கடை. அங்க இருந்தது நீலப் பெட்டி. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் சார். நீலம்னா நீலம். சட்டை நீலம், பேனா நீலம். புது நீலப் பெட்டி ஒண்ணு வெளிவந்தப்போ அதைச் சகாயம் இங்க உள்ளூர்ல வேலை பார்த்த முதல் சம்பளத்துல வாங்கினான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஃப்ளெக்ஸ் அடிச்சேன். தலைவர் படத்துக்குப் போடுற மாதிரி நடுவுல பெட்டி, ரெண்டு பக்கமும் நானும் அவனும் கும்பிட்டு நிக்கிறோம். "எங்கள் இல்லத்திற்கு வருகை தரும் நீலவேந்தனே வருக வருக." அவங்க வீட்டு மாடியிலேர்ந்து தொங்கவிட்டோம். யாரோ வெளியூர் எம்எல்ஏ வர்றாருன்னு தெருவுல ரெண்டு கிழவிங்க மனுவோட வந்து நின்னாங்க. அப்படிச் சிரிச்சோம் சார். வயித்தைப் பிடிச்சிட்டு.

காப்பி ஆறுது, குடிங்க. சர்க்கரை போதுமா? ஒருத்தனுக்குப் போட்டுப் போட்டு ரெண்டு பேருக்கு அளவு பிடிபடல. அம்மா ஒட்டன்சத்திரத்துல தங்கச்சி வீட்ல இருக்காங்க, பேரனைப் பார்க்கிறதுக்கு. நல்லதுதான். அவங்க இங்க இருந்தா எந்நேரமும் கல்யாணப் பேச்சு. ஒரு தடவை பொண்ணு வீட்டுக்காரங்க இங்க வந்தாங்க. இந்தப் பெட்டியைப் பார்த்துட்டு அந்தப் பெரியவர், "வீட்ல சின்னப் பையன் யாரும் இருக்கானா?"ன்னு கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன். அதோட முடிஞ்சுது.

எங்க விட்டேன்? ஆங், கட்சி.

சகாயம் ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான் சார். வண்டி பாகம் செய்யுற கம்பெனி. போன கொஞ்ச நாள்ல போன். "பாணி, இங்க ரூம்ல எல்லாரும் பச்சைதான்டா. நீலத்தை வித்துட்டு நானும் ஒண்ணு வாங்கிட்டேன்."

"யாரைக் கேட்டு வாங்குனே?"ன்னேன்.

"யாரைக் கேக்கணும், பங்குச் சாமியாரையா?"

எனக்கு மூக்குக்கு மேல கோபம். போனை வெச்சுட்டேன். நெட்ல இந்த ரசிகனுங்க சண்டை போடுறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. அங்க போய்ப் பச்சைக்காரனுங்களை நான் கிழிச்ச கிழி இருக்கே, எழுத்து ஒவ்வொண்ணும் ஆணி. பச்சைப் பெட்டி செங்கல்லுன்னு எழுதினேன். சுவரு கட்டத்தான் லாயக்குன்னு எழுதினேன். எவனும் பதில் சொல்ல முடியல.

அப்புறம் ஆராய்ஞ்சு பார்த்தேன் சார். நடுநிலையா. பச்சையோட கண்ட்ரோலர் இருக்கே, இந்தாங்க பிடிச்சுப் பாருங்க, இது உள்ளங்கைக்கு வாகா இருக்கும். நீலத்துல கட்டை விரல் வலிக்கும். இவ்வளவு நாள் வலிச்சிருக்கு, எனக்குத் தெரியல. சகாயம் போன அந்தத் தீபாவளிக்கே நானும் பச்சைக்கு வந்துட்டேன். கண்ட்ரோலருக்காக. சகாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. நெட்ல அந்தச் சண்டை போடுற இடத்துல என்னைத் துரோகின்னு எழுதினானுங்க. கொள்கைன்னா என்னன்னு தெரியாத பசங்க.

இப்பத்தான் சார் அந்தக் கணக்கு விஷயம் வருது. கவனமாக் கேளுங்க, உங்க பையனுக்கும் உதவும்.

இப்பல்லாம் விளையாட்டை டிஸ்க்கா வாங்குறதில்ல. நெட்ல ஒரு கணக்கு திறப்போம், விளையாட்டெல்லாம் அந்தக் கணக்குக்குள்ள வந்துடும். நானும் சகாயமும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு வெச்சுக்கிட்டோம். அவன் பெட்டியில அதே கணக்கு, என் பெட்டியிலயும் அதே கணக்கு. ஒரு சங்கடம் என்னன்னா, ஒரே நேரத்துல ரெண்டு பேரும் உள்ள இருக்க முடியாது. அவன் உள்ள வந்தா நான் தானா வெளியே தள்ளப்படுவேன். "வேறோர் இடத்தில் நுழைந்துள்ளீர்கள்"னு திரையில ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதனால முறை வெச்சுக்கிட்டோம். வாய்க்கால்ல முறைத் தண்ணி விடுவாங்களே, அந்த மாதிரி. அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட்டுன்னா காலையில அவன், சாயங்காலம் நான்.

அதுல ஒரு விளையாட்டு. பெரிய ராஜ்ஜியம், மலை, பனி, கோட்டை. நடுவுல ஒரு வீரன், அவனுக்கு ஒரு குதிரை. வீரனுக்குப் பேரு நாமளே வைக்கணும். காளியப்பன்னு வெச்சோம். உள்ள எல்லாரும் வெள்ளைக்காரன் பேரு, நம்மாளு மட்டும் காளியப்பன். ரெண்டு பேருக்கும் ஒரே காளியப்பன். அவன் விட்ட இடத்துலேர்ந்து நான் தொடங்கணும், நான் விட்ட இடத்துலேர்ந்து அவன்.

அங்கதான் சார் கூத்தே. ஒருநாள் நான் உள்ள போறேன், காளியப்பன் கோட்டைக் கோபுரத்து உச்சியில நிக்கிறான். குதிரையோட. எப்படி ஏத்தினான்னே தெரியல. இறங்குறதுக்குள்ள என் முறை முடிஞ்சுபோச்சு. சரிடா உனக்கு வெக்கிறேன்னு, மறுநாள் நான் அவனைப் பனி மலையில கோவணத்தோட நிறுத்திட்டு வந்தேன். அதுக்கு அடுத்த நாள் பார்த்தா, சாராயக்கடைச் சுவத்தைப் பார்த்து நிக்கிறான், வாத்தியார் தண்டனை குடுத்த மாதிரி. போனே பேசுறதில்ல சார் நாங்க. எதுக்குப் பேசணும்? ஒரு வாட்டி காளியப்பன் சத்திரத்துல கட்டில்ல படுத்துக் கிடந்தான். ரெண்டு நாளாப் படுத்தே கிடக்கான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. போன் போட்டு "காய்ச்சலா மாப்ள?"ன்னேன். "எப்படிடா தெரியும்?"ங்கிறான். இன்னொரு நாள் புதுச் சட்டை போட்டுக்கிட்டு, கழுத்துல மாலையோட, ஏரிக்கரையில நின்னுட்டிருந்தான். விளையாட்டுக்குள்ள இருக்கிற சந்தையில சகாயம் அந்த மாலையைத் தேடி வாங்கியிருக்கான். பத்து நாள் கழிச்சுத்தான் சகாயம் கூப்பிட்டுச் சொன்னான், பொண்ணு பார்த்திருக்காங்க, பிடிச்சிருக்குன்னு. "காளியப்பன் அப்பவே சொல்லிட்டான்டா"ன்னேன்.

அதுக்கு மேல என்ன சார் வேணும் ஒரு மனுஷனுக்கு?

கல்யாணத்துல நடந்ததைச் சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

நம்ம பக்கம் கல்யாணம்னா கூட்டாளிங்க கேலியா ஒரு ஃப்ளெக்ஸ் வெக்கிறது வழக்கம்தானே. நான் தொழில்காரன், சும்மா இருப்பனா? ராத்திரி பகலா உக்காந்து அடிச்சேன். சகாயம் மூஞ்சியைக் காளியப்பன் உடம்புல ஒட்டினேன். குதிரை மேல உக்காந்திருக்கான், கையில வாள். மேல பெரிய எழுத்துல "காளியப்பனின் கடைசிப் போர்". எதிர்ப்பக்கம் பொண்ணு. பொண்ணு பேரு ஜெசிந்தா. அந்த விளையாட்டுல கடைசியா ஒரு நெருப்புப் பாம்பு வரும் சார், ஏழு தலை. அதை ஜெயிச்சாத்தான் விளையாட்டு முடியும். அந்த இடம் லேசுப்பட்ட இடம் கிடையாது. மொத்த ராஜ்ஜியத்துலயும் அதுதான் பெரிய ஆளு. அந்த இடத்தைத்தான் நான் அந்தப் புள்ளைக்குக் குடுத்தேன். ஏழு தலையிலயும் அந்தப் புள்ள மூஞ்சி. ஒவ்வொரு மூஞ்சியையும் தனித்தனியா அளவு பார்த்து வெட்டி ஒட்டியிருக்கேன், அந்த வேலைப்பாட்டைப் பார்க்கணும் நீங்க. கோயில் வாசல்லயே கட்டினேன்.

மரியாதை பண்ணியிருக்கேனா இல்லையா? சொல்லுங்க.

பொண்ணோட அண்ணன் வந்து பார்த்தான். "எங்க வீட்டுப் புள்ளையப் பேயாக்கி வெச்சிருக்கான், எவன்டா அவன்?"னு கத்தினான். அவங்க சித்தி ஒருத்தி அழுதுகிட்டே, "ஏழு தலைடி, ஏழு தலை"ன்னு போற வர்ற ஆளுக்கெல்லாம் எண்ணிக் காட்டுது. நான் விளக்கம் சொல்லப் போனேன், "அம்மா, கடைசியில வர்றதுதாம்மா பெரிய ஆளு"ன்னு. யார் கேக்குறா? சகாயம் கோட்டு சூட்டோட வெளியே வந்தான். போர்டைப் பார்த்தான். அவன் உதடு லேசா ஆடுச்சு சார், சிரிப்புத்தான் அது, எனக்குத் தெரியும், அவன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அப்புறம் மாமனாரைப் பார்த்தான். திரும்பி, அத்தனை பேருக்கு நடுவுல என்கிட்ட, "நீ வளரவே மாட்டியா பாணி? போ. முதல்ல இதை எடுத்துட்டுப் போ"ன்னான்.

எடுத்துட்டுப் போனேன். சுருட்டித் தோள்ல வெச்சுக்கிட்டு. பந்தியில பிரியாணி வாசம் வந்துட்டிருந்துச்சு. சாப்பிடல.

அவன்தான் கூப்பிடணும் சார். நான் கூப்பிட மாட்டேன். தப்பு யார் மேல? அவன்தானே சொன்னான்? அப்ப அவன்தானே கூப்பிடணும்? ஓசூர் ஒண்ணும் அமெரிக்கா இல்ல, இங்க பஸ் ஏறிக் கண்ணை மூடினா அங்க இறங்கலாம். நாலு தடவை அந்தப் பஸ்ஸு நிக்கிற இடம் வரைக்கும் போயிருக்கேன், சும்மா, டீ குடிக்க.

ஆனா கணக்கு இருந்துச்சு. அதை அவன் பிரிக்கல, நானும் பிரிக்கல. காளியப்பன் ஒரு பாலத்துக்கு மேல நின்னுட்டிருந்தான், கல்யாணத்துக்கு முந்தின வாரம் சகாயம் நிறுத்தின இடம். நான் தொடல. அவன் வந்து நகத்தட்டும்னு விட்டேன். மாசமாச்சு. நிக்கிறான். மழைக்காலம் வந்துச்சு, விளையாட்டுக்குள்ளயும் மழை பெய்யும், நனைஞ்சுகிட்டு நிக்கிறான். மனசு கேக்கல சார். நானே போய் ஒரு மரத்தடியில நிறுத்தினேன். அப்புறம் ஞாயித்துக்கிழமையானா உள்ள போய்க் குதிரைக்குப் புல்லு போட்டுட்டு, கொஞ்ச தூரம் நடத்திட்டு, மறுபடி பாலத்துக்கே கொண்டுவந்து விடுவேன். அவன் வந்தா தேடக்கூடாது பாருங்க. வருஷங்கள் அப்படியே போச்சு. புதுசு புதுசா எத்தனையோ பெட்டி வந்துச்சு. நெட்ல எழுதுறதையும் விட்டுட்டேன். யாரைத் திட்டி என்ன ஆகப்போகுது? இப்ப இருக்கிற பசங்க போன்லயே சுட்டுக்கிறானுங்க. அவனுங்களுக்கு நீலமும் தெரியல, பச்சையும் தெரியல.

போன வருஷம் லீவு நேரம். நான் பாட்டுக்கு உள்ள இருக்கேன். படக்குனு வெளியே தள்ளுச்சு. "வேறோர் இடத்தில் நுழைந்துள்ளீர்கள்."

கண்ட்ரோலரைக் கட்டில்ல போட்டேன் சார். எந்திரிச்சுத் தனியா நின்னு சிரிச்சேன். கீழ்வீட்டு அம்மா, "என்ன தம்பி, கிரிக்கெட்ல ஜெயிச்சிட்டோமா?"ன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன்.

அவன் போனதும் ஓடி உள்ள போனேன். காளியப்பன் அதே பாலத்துல நிக்கிறான். நகரல. ஆனா புதுசா ஒரு விளையாட்டு வந்திருந்துச்சு. என்னன்னா, தோட்டம் போடுற விளையாட்டு. செடிக்குத் தண்ணி ஊத்தணும், மாட்டைக் குளிப்பாட்டணும், வாத்துக்கு இரை வைக்கணும். சண்டை கிடையாது, வாள் கிடையாது. எவ்வளவு கேவலம் பாருங்க. ஏழு தலைப் பாம்பை வெட்டினவன்! வீட்டுக்கு ரோஸ் கலர்ல பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான். மாட்டுக்குச் செல்லக்குட்டின்னு பேரு. சகாயமா இப்படின்னு இருந்துச்சு. சரி, வயசானா மனுஷன் இளகிடுவான்னு நெனச்சுக்கிட்டேன்.

முதல்ல நான் அதைத் தொடல. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல. அப்புறம் பார்த்தா, வாரக் கடைசியில வந்து நட்டுட்டுப் போயிடறான், அஞ்சு நாள் தண்ணி இல்லாம செடியெல்லாம் வாடிப்போகுது. பாவம்னு ஒரு நாள் ஊத்தினேன். வேலி ஒரு பக்கம் உடைஞ்சிருந்துச்சு, கட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவன் வந்துட்டுப் போனப்புறம் உள்ள போறேன், வேலி கட்டின இடத்துல ஒரு சூரியகாந்திப் பூ வெச்சிருக்கு. செடியில இல்ல, பறிச்சுத் தரையில வெச்சிருக்கு. எனக்குத்தான். மறுபடி ஆரம்பிச்சுட்டான் சார்! நான் பதிலுக்கு வாத்துக்கெல்லாம் ஒரு குளம் வெட்டினேன். அடுத்த வாரம் குளத்தைச் சுத்திப் பூவா நட்டிருக்கான். இப்படியே போச்சு. நல்லாப் போச்சு சார். திங்கட்கிழமை வேலைக்குப் போறப்பவே, சாயங்காலம் செல்லக்குட்டியைக் குளிப்பாட்டணும்னு ஞாபகம் இருக்கும்.

அப்புறம் போன மாசம் உள்ள போறேன். காளியப்பன் இல்ல.

பாலம் இல்ல, குதிரை இல்ல, ஒண்ணுமே இல்ல. புதுசாத் தொடங்கவான்னு கேக்குது. கணக்குல இடம் பத்தலைன்னா பெட்டியே கேக்கும் சார், எதை அழிக்கட்டும்னு. யாரோ காளியப்பனைக் காட்டியிருக்காங்க. யாரோ என்ன யாரோ, சகாயம்தான். ஒரு வார்த்தை கேக்கல. தோட்டத்துக்கு இடம் வேணும்னு காளியப்பனை அழிச்சிட்டான்.

அன்னைக்குப் போட்டதுதான் சார் நீங்க பார்த்த விளம்பரம். நான் மறுபடி நீலத்துக்கே போறேன். பச்சை சரிப்படாது. கண்ட்ரோலரும் முன்ன மாதிரி இல்ல.

பட்டனா? அழுத்துறேன் சார், அழுத்தத்தானே போறேன். ஒரு விஷயம் என்னன்னா, ஒருவாட்டி இந்தக் கணக்கை வெளியே எடுத்துட்டா, மறுபடி எந்தப் பெட்டியிலயும் அதுக்குள்ள நான் போக முடியாது. போகணும்னா ரகசிய எண் ஒண்ணு வரும். அது அவன் போனுக்குத்தான் போகும். அவனைக் கூப்பிட்டுக் கேக்கணும். நானா? அது நடக்காது. அதனால அழுத்திட்டா அவ்வளவுதான். சுத்தமா முடிஞ்சுது. அதைத்தான் நானும் வேணும்னு சொல்றேன். இருங்க, காப்பி தம்ளரைக் கழுவி வெச்சுட்டு வந்துடறேன்.

என்ன சார் கேட்டீங்க? சகாயத்துக்குக் குழந்தை இருக்கான்னா? இருக்கு, ஒரு பொண்ணு. மெர்லின்னு பேரு. அம்மா சொன்னாங்க, மூணாவது படிக்குதாம். ஏன் கேக்குறீங்க?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க?

இல்ல சார். அப்படி இருக்காது. நான் தண்ணி ஊத்தினதுக்குப் பூ வெச்சது அவன்தான். அவன் கை எனக்குத் தெரியும். நீங்க புதுசா வந்துட்டு... இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. வாரம் தவறாம வருவான் சார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் காலையிலயே வந்துடுவான். ஏப்ரல்ல மட்டும் ஒரேயடியாக் காணோம். மே மாசம் பூராத் தினமும் வந்தான். ஜூன்லேர்ந்து மறுபடி சனி, ஞாயிறு...

ஆமா. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்துடுவாங்க.

சத்தம் போடாதீங்க சார், ஒரு நிமிஷம். நீங்க பேசலதான். சும்மா சொன்னேன்.

சரி, வாங்க, காட்டுறேன். நீங்களே பாருங்க, இது குழந்தை போட்ட தோட்டமா, பெரிய ஆளு போட்டதான்னு. இந்தா, திறக்குது. இதுதான் வீடு. ரோஸ். இதுதான் செல்லக்குட்டி, நெத்தியில ரிப்பன் கட்டியிருக்கு, இது போன வாரம் இல்ல. இது நான் வெட்டின குளம். வாத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொப்பி. இந்தப் பக்கம் வேலி.

இந்தப் பலகை... இது புதுசு சார். இதுல எழுதலாம், எழுதி நடலாம். நேத்து இல்லையே. காலையில வந்திருக்கா... வந்திருக்கான்.

படிங்க சார். எனக்குக் கண்ணாடி இல்ல. படிங்க. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்தான் எழுதியிருக்கு.

"யார் நீங்க?"

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா? கீழ ஒரு வாத்துப் படம். சரி.

யார் நீங்கன்னு சகாயம் கேக்க மாட்டான் சார். எனக்குத் தெரியும். சகாயத்துக்கு இந்தத் தோட்டம் இருக்கிறதே தெரியாது போல. இந்தப் பெட்டியை அவன் எப்பவோ புள்ளைகிட்டக் குடுத்திருக்கான். காளியப்பன் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பாலத்துல யாரோ ஒருத்தன் சும்மா நிக்கிறான், இடத்தை அடைச்சுக்கிட்டு. அழிச்சிருக்கு. நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன்.

இவ்வளவு நாளா யாரோ வந்து தண்ணி ஊத்துறாங்கன்னு பார்த்துட்டே இருந்திருக்கு பாருங்க. பயப்படல. பூ வெச்சிருக்கு.

பதிலா? எழுதலாம், பக்கத்துலயே இன்னொரு பலகை நடலாம். என்னன்னு எழுத? பாணின்னு எழுதினா அதுக்கு என்ன தெரியும்? என்ன சார், மாமான்னு எழுதவா? நல்லாத்தான் இருக்கு. பாணி மாமா. எழுதிட்டேன், இருங்க. ஆனா மாமான்னு நானே எப்படிச் சொல்லிக்கிறது? அந்த வீட்டுக்காரன் சொல்லணும் அதை. பொண்ணோட அம்மா முகத்தை ஏழு தடவை பாம்புல ஒட்டினவன் வந்து, நான்தான் உன் மாமான்னு பலகை நடுறதா? அழிச்சிடறேன். சித்தப்பாவா? அதுவும் அப்படித்தான். ஃப்ரெண்டுன்னு போடலாம்ங்கிறீங்களா? யாரோட ஃப்ரெண்டு?

இருங்க. எழுதிட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க.

"உங்க அப்பாவைக் கேளு."

அவ்வளவுதான். நட்டாச்சு. வேலிக்கு இந்தப் பக்கம், அது கண்ணுல படுற மாதிரி. மாட்டைக் குளிப்பாட்ட வந்தா இதைத் தாண்டித்தான் வரணும்.

அது கேக்கும் சார். குழந்தைங்க விடாது. அப்பா, நம்ம தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறது யாருப்பா, உங்களைக் கேக்கச் சொல்லுதுன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரும். அவன் வந்து திரைக்கு முன்னாடி நிப்பான், வேலைக்குப் போய் வந்த சட்டையோட. குளத்தைப் பார்ப்பான். பலகையைப் படிப்பான். அப்ப ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்? யாருன்னே தெரியலம்மான்னு சொல்லிடலாம். கணக்கை மாத்திடலாம். அதுவும் அவன் இஷ்டம்தான்.

பெட்டியை இன்னைக்குத் தர முடியாது சார், மன்னிச்சுக்கோங்க. இவ்வளவு தூரம் வெயில்ல வந்தீங்க. உங்க பையனுக்கு ஒண்ணு சொல்லுங்க, நீலம் வாங்கினாலும் பச்சை வாங்கினாலும் ரெண்டும் ஒண்ணுதான், கூட விளையாடுறவன் எதை வெச்சிருக்கானோ அதை வாங்கச் சொல்லுங்க. செருப்பு அங்க கிடக்கு பாருங்க. படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து இறங்குங்க.

சார், ஒரு நிமிஷம். நீங்களும் ஒரு பையனுக்கு அப்பா. உங்களுக்குத் தெரியும். சகாயம் என்ன சார் சொல்லுவான்?